மேடையை விட்டு இறங்கிய டியாம்ஸ்: வீழ்ந்தது யார்?

2022 மே மாதம் நடந்த கான் திரைப்பட விழாவில் 'ஸலாம்' என்ற ஆவணப்படம் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூலை மாதம் பிரான்சின் திரையரங்குகளில் இரண்டு நாட்கள் ஓடியது. படத்தில் தன் கதையைச் சொல்பவரும் அதை இயக்கிய மூவரில் ஒருவரும் ஒரே பெண்மணிதான். பெயர் மெலானி ஜியார்ஜியாடிஸ். இந்தப் பெயரைச் சொன்னால் பிரான்சில் பலருக்குச் சட்டென்று புரியாது. 'டியாம்ஸ்' என்று சொன்னால் புரியாதவர்கள் குறைவு.

2006ஆம் ஆண்டு பிரான்சில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தொகுப்பு இவருடையது. பாப் பாடகர்களையும் ராக் குழுக்களையும் பின்னுக்குத் தள்ளி, புறநகரில் வளர்ந்த ஒரு ராப் பாடகி முதலிடம் பிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் இஸ்லாத்தை ஏற்றார், ஹிஜாப் அணிந்தார், பாடுவதை நிறுத்தினார். பிரெஞ்சு ஊடகங்களில் பல இதை ஒரு வீழ்ச்சிக் கதையாகவே எழுதின. நம் சமூகத்தின் வாட்ஸ்அப் குழுக்களிலோ இத்தகைய கதைகள் வெற்றிச் செய்தியாக வலம் வருகின்றன. மேடையில் தொப்பியும் மைக்குமாக ஒரு படம், பக்கத்திலேயே ஹிஜாபில் ஒரு படம், கீழே ஒரு 'மாஷா அல்லாஹ்'. அத்தோடு முடிந்தது.

இந்த இரண்டு வாசிப்புகளுமே அவரை ஒரு முழத் துணிக்குள் அடக்கிவிடுகின்றன. இரண்டு படங்களுக்கும் நடுவே இருந்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை இருவருமே கேட்பதில்லை. நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி அங்கேதான் இருக்கிறது.

புறநகரிலிருந்து எழுந்த குரல்

மெலானி 1980ஆம் ஆண்டு சைப்ரஸ் நாட்டின் தலைநகர் நிகோசியாவில் பிறந்தார். தந்தை கிரேக்க சைப்ரஸ்காரர், தாய் பிரெஞ்சுக்காரர். பெற்றோர் பிரிந்தபின் சிறுவயதிலேயே தாயுடன் பிரான்ஸ் வந்து, பாரிஸுக்குத் தெற்கே உள்ள எசோன் பகுதியில் வளர்ந்தார். தந்தை இல்லாத ஏக்கமும் தனிமையும் அவரைச் சிறுவயதிலேயே வாட்டின. பதினைந்து வயதில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சி வரை அது போனதாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

அந்த வலிக்கு அவர் கண்ட வடிகால் ராப். 1990களில் பிரெஞ்சு ராப் இசை பெரும்பாலும் ஆண்களின் உலகம். அல்ஜீரியா, மொராக்கோ, மாலி, செனகல் போன்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், வேலையின்மையையும் போலீஸ் கெடுபிடியையும் பாரபட்சத்தையும் அதில் பாடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெண்ணாக நுழைந்து இடம்பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. 1999இல் வந்த முதல் தொகுப்பு எடுபடவில்லை. 2003இல் வந்த இரண்டாவது தொகுப்பு அவரை நாடறியச் செய்தது. கணவனிடமோ காதலனிடமோ அடிவாங்கும் பெண்ணின் துயரத்தை அதில் ஒரு பாடலாக்கியிருந்தார். 2004இல் பிரான்சின் தேசிய இசை விருதான 'விக்துவார்' அவருக்குக் கிடைத்தது.

2005 அக்டோபர் இறுதியில் பாரிஸ் புறநகரான கிளிஷி சூ புவாவில், போலீஸுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தனர். இருவரும் குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். புறநகரங்கள் மூன்று வாரம் பற்றி எரிந்தன. அரசு அவசர நிலையை அறிவித்தது. 'இந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் கோபம்?' என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 2006 பிப்ரவரியில், டியாம்ஸின் மூன்றாவது தொகுப்பு வெளிவந்தது. 'என் குமிழிக்குள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தன்னுடைய பிரான்ஸ் எது என்று அதில் ஒரு பாடலில் அவர் வரையறுத்தார். தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லு பென்னைப் பெயர் சொல்லி அழைத்து, தந்தை ழான் மரி லு பென்னின் வெறுப்பு அரசியலை ஏன் சுமக்கிறாய் என்ற தொனியில் இன்னொரு பாடலில் கேள்வி எழுப்பினார்.

அப்போது அவர் முஸ்லிம் அல்லர். ஆனால் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் உட்பட இலட்சக்கணக்கான பதின்ம வயதுப் பெண்கள் அவரைத் தங்கள் அக்காவாகவே பார்த்தார்கள். ஒல்லியான உடல், பளபளப்பான ஆடை என்று பெண் பாடகியருக்கு விதிக்கப்பட்ட எந்த இலக்கணத்துக்கும் அவர் கட்டுப்படவில்லை. குட்டை முடி, தளர்வான உடை, நேரடிப் பேச்சு. பிரான்ஸ் அவரைக் கொண்டாடியது.

கைதட்டல் ஓய்ந்த பிறகு

வெளியே எல்லாம் உச்சத்தில் இருந்தபோது உள்ளே அவர் சரிந்துகொண்டிருந்தார். பணம் இருந்தது, விருது இருந்தது, பெயரைக் கத்தும் கூட்டம் இருந்தது. ஹோட்டல் அறைக் கதவு மூடியதும் தாங்க முடியாத வெறுமை. மருந்து மாத்திரைகள், மனநல மருத்துவமனை என்று ஒரு காலகட்டமே கழிந்தது. 'ஸலாம்' படத்தின் மிகக் கனமான பகுதி இதுதான். தன் நோயை அவர் மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை.

இஸ்லாம் அவர் வாழ்வில் நுழைந்தது எந்த மேடைப் பிரச்சாரத்தின் வழியாகவும் இல்லை. ஒரு தோழியின் வீட்டுப் பேச்சு வழியாக. கூடியிருந்த இடத்தில் தோழி ஒருவர் தொழப் போவதாகச் சொல்லி எழுந்தார். நானும் தொழ வேண்டும் என்று இவரும் எழுந்துவிட்டார். தோழியைப் பார்த்து அப்படியே செய்தார். நெற்றி தரையில் பட்ட அந்த ஸஜ்தாவில், இதுவரை எங்கும் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைத்ததாகப் பின்னர் அவர் விவரித்தார். அதன்பின் மொரீஷியஸ் தீவில் தனிமையில் இருந்தபோது குர்ஆன் மொழிபெயர்ப்பைப் படித்தார். 2008இன் இறுதியில் இஸ்லாத்தை ஏற்றார்.

அந்தத் தோழி செய்தது என்ன? தொழுகை நேரம் வந்ததும் எழுந்தார், அவ்வளவுதான். விவாதம் செய்யவில்லை, நரகத்தைச் சொல்லி மிரட்டவில்லை, நாட்டின் புகழ்பெற்ற பாடகி பக்கத்தில் இருக்கிறாரே என்று தொழுகையைத் தள்ளிப்போடவும் இல்லை.

ஒரே ஒரு புகைப்படம்

அடுத்த ஓராண்டு வரை இந்த மாற்றம் வெளியுலகுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2009 அக்டோபரில் 'பாரி மாட்ச்' வார இதழ், ஜென்வில்லியே நகரப் பள்ளிவாசலிலிருந்து ஹிஜாபுடன் வெளியே வரும் அவருடைய படத்தை வெளியிட்டது. அவர் அதற்காக நிற்கவில்லை. மறைந்திருந்து எடுத்த படம் அது.

படம் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் அதிபர் சர்கோசி, பிரான்சில் புர்காவுக்கு இடமில்லை என்று நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன்னால் பேசியிருந்தார். முகத்திரை பற்றி ஆராய நாடாளுமன்றக் குழு அமைக்கப்பட்டிருந்தது. 'தேசிய அடையாளம்' பற்றிய விவாதத்தை அரசே தொடங்கிக்கொண்டிருந்தது. அந்த உலையில் இந்தப் படம் விழுந்தது. டியாம்ஸ் முகத்தை மூடவில்லை. தலையை மட்டுமே மூடியிருந்தார். ஆனாலும் தொலைக்காட்சிகள் நாள் கணக்கில் அவரைப் பற்றிப் பேசின. யார் மூளைச்சலவை செய்தார்கள், கணவன் கட்டாயப்படுத்தினானா, மனநோயின் விளைவா என்றெல்லாம் கேட்டார்கள். அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போதைய அரசில் நகர்ப்புறக் கொள்கைக்கான இணை அமைச்சராக இருந்த ஃபதேலா அமாரா, அல்ஜீரிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், டியாம்ஸ் புறநகர்ப் பெண்களுக்குத் தவறான முன்மாதிரி என்று வெளிப்படையாகவே கண்டித்தார்.

அடுத்த மாதமே 'எஸ்.ஓ.எஸ்.' என்ற நான்காவது தொகுப்பு வந்தது. ஏற்கெனவே எழுதி முடித்திருந்த அந்தத் தொகுப்பின் கடைசிப் பாடல் கிட்டத்தட்ட ஒரு விடைபெறும் கடிதம். தன் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்லி, இது கடைசிப் பாடலாக இருந்தால் என்று கேட்கிறார். அதுவே கடைசித் தொகுப்பாகவும் ஆனது.

ஆணின் இஸ்லாம், பெண்ணின் இஸ்லாம்

பிரெஞ்சு ராப் உலகில் இஸ்லாத்தை ஏற்ற முதல் ஆள் டியாம்ஸ் இல்லை. மார்செய் நகரின் 'ஐயாம்' குழுவைச் சேர்ந்த அக்கெனாத்தோன் இத்தாலியக் குடும்பப் பின்னணியிலிருந்து வந்து, டியாம்ஸுக்குப் பல ஆண்டுகள் முன்பே முஸ்லிமானவர். ஹைத்தி வம்சாவளியைச் சேர்ந்த கெரி ஜேம்ஸ், நண்பனின் படுகொலைக்குப் பின் இஸ்லாத்தின் பக்கம் வந்து, 2001இல் நரம்புக் கருவிகளும் காற்றுக் கருவிகளும் இல்லாமல் தாள வாத்தியங்களை மட்டும் வைத்து ஒரு தொகுப்பையே வெளியிட்டார். காங்கோ வம்சாவளியைச் சேர்ந்த அப்த் அல் மாலிக், தன் முஸ்லிம் பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டு தேசிய விருதுகளை வாங்கினார்.

இவர்கள் யாரும் விமர்சனமே இல்லாமல் இருந்துவிடவில்லை. ஆனால் இவர்களில் ஒருவருடைய மதமாற்றம்கூட, அமைச்சர் வந்து கருத்துச் சொல்லும் தேசிய நெருக்கடியாக ஆகவில்லை. கெரி ஜேம்ஸ் இசைக்கருவிகளை விலக்கியது உண்மையில் மிகப் பெரிய மத முடிவு. அதைக் கலைஞனின் தேடலாக எடுத்துக்கொண்டார்கள். டியாம்ஸ் தலையில் அணிந்த துணியை மட்டும் தேசத்துக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டார்கள். ஆணின் நம்பிக்கை நெஞ்சுக்குள் இருந்துவிடும். பெண்ணின் நம்பிக்கை தெருவில் கண்ணுக்குத் தெரியும். பிரான்சின் பிரச்சினை நம்பிக்கையோடு இருப்பதைவிட, அது கண்ணில் படுவதோடுதான் அதிகம் இருக்கிறது.

2018இல் இதே கதை இன்னொரு வடிவில் நடந்தது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் தலைப்பாகை போன்ற துணியைக் கட்டியபடி பாடி நடுவர்களை எழுந்து நிற்க வைத்தார் மெனெல் இப்திஸ்ஸெம் என்ற இளம்பெண். சில நாட்களிலேயே அவருடைய பழைய சமூக ஊடகப் பதிவுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2016இல் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்தபோது அரசையும் அதிகாரபூர்வ விளக்கத்தையும் சந்தேகித்து அவர் எழுதியவை அவை. அந்தப் பதிவுகள் தவறானவை, அவரும் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் போட்டியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அவசரத்தில் எழுதிய நாலு வரி ஆண்டுகள் கழித்து எப்படித் திரும்பி வரும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதேநேரம், தலைத்துணி இல்லாத ஒரு போட்டியாளரின் பழைய பதிவுகளை இவ்வளவு வேகமாகத் தோண்டியிருப்பார்களா என்ற கேள்வியும் நியாயமானதே.

எதிர்த்தரப்பின் நியாயம்

டியாம்ஸை விமர்சித்த எல்லோரையும் இஸ்லாமிய வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அது நேர்மையும் ஆகாது.

அவருடைய பாடல்களைக் கேட்டு அடிக்கும் கணவனைவிட்டு வெளியே வந்த பெண்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகி, அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமிகள் இருந்தார்கள். தங்களுக்காகப் பேசிய ஒரே ஆள் திடீரென்று மௌனமானபோது அவர்களுக்கு ஏற்பட்டது உண்மையான வலி. பெற்றோரின் கட்டாயத்தால் தலையை மூடிய பெண்களும் அந்தப் புறநகரங்களில் உண்டு. டியாம்ஸின் படத்தைக் காட்டித் தங்களை இன்னும் நெருக்குவார்களோ என்று அவர்கள் அஞ்சியதிலும் பொருள் இருந்தது.

ஆனால் மதச்சார்பின்மை என்ற வாதம் இங்கே நிற்காது. 1905ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது. அரசு நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்கள் மத அடையாளங்களை வெளிப்படையாக அணியத் தடை விதித்தது. டியாம்ஸ் அரசு ஊழியரும் அல்லர், பள்ளி மாணவியும் அல்லர். பள்ளிவாசலிலிருந்து தன் வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடிமகள். அரசுக்கு விதித்த நடுநிலையைக் குடிமக்கள் மீது சுமத்தும்போது அந்தச் சட்டம் தலைகீழாகிவிடுகிறது.

விலகிய பிறகு

2012 செப்டம்பரில் டியாம்ஸ் தன் சுயசரிதையை வெளியிட்டார். டி.எஃப்.1 தொலைக்காட்சியில் ஹிஜாபுடன் அமர்ந்து, பாடகி டியாம்ஸ் முடிந்துவிட்டார் என்று நிதானமாகச் சொன்னார். மருத்துவர்களால் தன் ஆன்மாவைக் குணப்படுத்த முடியவில்லை என்றும் அதனால்தான் மார்க்கத்தின் பக்கம் திரும்பியதாகவும் விளக்கினார். 2015 ஜனவரியில் பாரிஸில் நடந்த கொடூரத் தாக்குதல்களுக்குப் பின், தான் பிரெஞ்சுக்காரியும் முஸ்லிமும் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்து இன்னொரு நூல் எழுதினார். ஆப்பிரிக்காவின் அனாதைக் குழந்தைகளுக்காக ஓர் அமைப்பை நடத்துகிறார். 'ஸலாம்' படத்தில் மாலி நாட்டுக் குழந்தைகளோடு அவரைப் பார்க்கலாம்.

இந்த ஆண்டுகளில் பிரான்ஸ் எங்கே போனது? பொது இடங்களில் முகத்திரைக்குத் தடை 2011 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் அபாயா அணிவதை 2023 ஆகஸ்டில் கல்வி அமைச்சர் தடை செய்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மற்ற நாடுகளின் வீராங்கனைகள் ஹிஜாபுடன் ஓடினார்கள், போட்டியை நடத்திய பிரான்சின் வீராங்கனைகளுக்கு அந்த உரிமை இல்லை. ஓட்டப்பந்தய வீராங்கனை சூன்காம்பா சில்லா, தலைத்துணிக்குப் பதிலாகத் தொப்பி அணிந்துதான் தொடக்க விழாவில் பங்கேற்க முடிந்தது. டியாம்ஸ் தன் பாடலில் கேள்வி கேட்ட மரின் லு பென், 2022 ஏப்ரல் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் 41 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார். 'ஸலாம்' கான் விழாவில் திரையிடப்பட்டது அதற்கு அடுத்த மாதம்.

வீழ்ந்தது யார் என்ற கேள்விக்கு இந்த வரிசையே பதில் சொல்கிறது. அந்தப் பெண் தன் வாழ்க்கையைத் திரும்பப் பெற்றார். கோபமாகப் பாடும்போது கைதட்டி, அமைதியாக வாழ விரும்பியபோது பொறுக்க முடியாமல்போன ஒரு நாடுதான் ஒரு குரலை இழந்தது.

நம் வீடுகளுக்கு

இதுவரை பிரான்சைக் குறை சொன்னோம். இனி நம் பக்கமும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

முதலாவது, மன நோய். டியாம்ஸின் கதையைப் பகிரும்போது, 'ஈமான் வந்ததும் மனச்சோர்வு போய்விட்டது' என்று சுருக்கிவிடுவது நம் வழக்கம். அது ஆபத்தான சுருக்கம். தொழும் வீட்டிலும் மனச்சோர்வு வரும். ஹாஃபிழ் ஆன பிள்ளைக்கும் வரும். 'ஈமான் குறைவு', 'ஷைத்தானின் ஊசலாட்டம்' என்று சொல்லி டாக்டரிடம் போகவிடாமல் தடுத்த குடும்பங்கள் நம்மிடையே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உடல் நோய்க்கு மட்டும் என்று அவர்கள் வரம்பு கட்டவில்லை. டியாம்ஸ் தொழுகையில் அமைதி கண்டார், அது அல்லாஹ்வின் அருள். உங்கள் மகளுக்குத் தொழுகையோடு சிகிச்சையும் தேவைப்படலாம். அதுவும் அல்லாஹ்வின் அருள்தான்.

இரண்டாவது, பதின்ம வயதுப் பெண்ணின் தனிமை. தந்தையின் அன்புக்கு ஏங்கிய ஒரு சிறுமி, தன் வலியை இலட்சக்கணக்கான அந்நியர்களிடம் பாடிக் காட்ட வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகள் இன்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ராப் கேட்கிறார்கள். இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை வீட்டில் எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை. அதற்கு முன்னால், அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது, எந்த வரி உனக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இயர்போனைப் பிடுங்கி வைத்தால் சத்தம் நிற்கும். உள்ளே இருக்கும் வலி நிற்காது.

மூன்றாவது, புதிதாக இஸ்லாத்துக்கு வருபவர்களை நாம் நடத்தும் விதம். பிரபலம் ஒருவர் ஷஹாதா சொன்னால் நமக்குப் பெருமை தாங்குவதில்லை. அவரை வெற்றிக்கோப்பையாக்கி ஊர் ஊராகத் தூக்கிச் செல்கிறோம். நாளை அவர் தடுமாறினால் முதலில் கல்லெறிபவர்களும் நாமாகவே இருக்கிறோம். பிரிட்டிஷ் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1977இல் இஸ்லாத்தை ஏற்று யூசுஃப் இஸ்லாம் ஆனார். இசையை விட்டபோது நாம் அவரைக் கொண்டாடினோம். 2006இல் புதிய தொகுப்போடு இசைக்குத் திரும்பியபோது முகம் சுளித்தவர்களும் நம்மில் உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்காக அவர் பள்ளிக்கூடம் நடத்தியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

டியாம்ஸ் இன்று கேமராக்களிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கி வாழ்கிறார். இளமையில் உலகமே தன் பெயரைக் கத்த வேண்டும் என்று விரும்பியவர், இப்போது பெயர் தெரியாமல் ஒரு ஸஃப்பில் நின்று தொழுவதில் நிம்மதி காண்கிறார். அவருக்காக துஆ செய்வோம். அவருடைய படத்தை அடுத்த குழுவுக்கு அனுப்பும் முன், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் நம் மகளிடம் போய், 'என்னம்மா, சாப்பிட்டியா, ஏன் ஒரு மாதிரியா இருக்கே?' என்று ஒரு வார்த்தை கேட்போம்.